மூன்று தண்ணீர்

முதல் தண்ணீர் கலங்கும்.
உப்பு இறங்குவது கண்ணுக்குத் தெரியாது என்பார்கள்.
எனக்குத் தெரியும்:
ஆட்டுத்தோல் பைக்குள் நான்கு மாதம் கிடந்த பாலாடைக்கட்டி
கிண்ணத்தில் விழுந்ததும்
விளிம்பில் ஒரு வெண்புகை.
தட்டால் மூடிவிட்டு
உஷாங்கியின் குறட்டை சீராகும்வரை நிற்பேன்.

மேலே நூற்று எழுபத்தெட்டு,
கீழே நூற்று நான்கு.
தெலாவி மருத்துவமனையில் டாக்டர்
அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.
“கிலோவுக்கா?” என்றார் இவர்.
அவள் சிரிக்கவில்லை.

“பால் குடியுங்கள். தயிர் சாப்பிடுங்கள், உப்பில்லாமல்.
பாலின்மேல் எனக்கு வழக்கு எதுவுமில்லை.
அது கெடாதிருக்க நீங்கள் போடுகிறீர்களே,
அதன்மேல்தான்.”

தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.
முப்பத்தொரு வருடமாகச் சந்தையின் மூன்றாம் வரிசையில்
குடா கட்டி விற்கிறவர்.
கத்தி நுனியில் ஒரு சீவல்
முதலில் தன் நாக்கில்,
அடுத்தது வாங்குகிறவர் உள்ளங்கையில்.
ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று கேட்டாள்.
நாற்பது என்றார், பெருமையாக.
அவள் பேனாவை மூடி வைத்தாள்.

மறுநாள் மாட்சோனித் தயிரை
அவர் முன்னால் வைத்தேன்.
“பல் முளைக்காதவனுக்கும் பல் போனவனுக்கும்” என்று தள்ளினார்.
“எனக்கு இருபத்தாறு இருக்கிறது.”

அன்றிரவுதான் தொடங்கினேன்.
இரண்டாம் தண்ணீர் ஒரு மணிக்கு.
மூன்றாம் தண்ணீர் சேவலுக்குக் கொஞ்சம் முன்னால்.
வடித்ததைத் திராட்சை வேரில் ஊற்ற முடியாது,
கருகிப்போகும்.
வாசல் கல்லில் ஊற்றினேன்.

காலையில் ரொட்டிக்குள் வைத்துக் கடித்தார்.
மென்றார். நிறுத்தினார்.
“இந்தப் பை கொஞ்சம் சாது.”
“மலையில் இந்த வருடம் மழை அதிகமாம்” என்றேன்.
“புல் அப்படி.”
தலையசைத்தார்.
எந்தச் சரிவில் மேய்ந்த ஆடு என்று
ஒரு சீவலில் சொல்கிறவர்
தலையசைத்தார்.
நம்பிவிட்டார் என்று நம்பினேன்.

இதற்கிடையே குலிகோ வீட்டு வெள்ளாடு
விடிந்தால் எங்கள் வாசலில்.
கல்லை நக்கி நக்கிப்
பளிங்காக்கி வைத்திருந்தது.
துரத்தினால் போகாது.
அவர் அதைத் தாண்டித்தான் சந்தைக்குப் போவார்.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச்சில் ருஸ்தாவியில் மகளுக்குப் பிரசவம்.
பதினோரு நாள்.
பெட்டி நிறையக் கவலையோடு போனேன்.
பையிலிருந்து நேரே வாய்க்குப் போகும் உப்பு,
பதினோரு காலை, பதினோரு இரவு.
சொல்லாமல் திரும்பினேன், கடைசி வேனில்.

அடுக்களை மேசையில்
கிண்ணம். அதன்மேல் தட்டு.
விரலை விட்டு நாக்கில் வைத்தேன்:
இரண்டாம் தண்ணீர்.

காலண்டரில் கோணல் எழுத்தில் எண்கள்.
நூற்று அறுபத்திரண்டு. நூற்று ஐம்பத்தெட்டு.
நூற்று ஐம்பத்தொன்பது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
சனிக்கிழமைக் கட்டத்தில் எண் இல்லை,
“கல்யாணம்” என்று மட்டும்.

காலுறையோடு வந்து நின்றார்.
“மூன்றாவது இன்னும் மாற்றவில்லை” என்றார்,
மாட்டுக்குத் தண்ணீர் காட்டாத பையன் மாதிரி.
“ஆடு சொல்லிற்றா?”
“ஆடு அப்புறம்.
முதல் நாளே நாக்கு.”

உப்பிட்டவரை நினை என்று சொல்லி வைத்தவர்கள்
உப்பை எடுத்தவளை என்ன செய்வதென்று
சொல்லாமல் போய்விட்டார்கள்.
அவருக்கும் தெரியவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டார்.
பேத்தி யார் ஜாடை என்று கேட்டார்.

இப்போது சந்தையில் சீவலை நாக்கில் வைத்து,
ருசி சொல்லி,
மேசைக்கடியில் தகர டப்பாவில் துப்புகிறார்.
சில நாள் துப்புவதில்லை.
அந்த இரவுகளில் நான்கு டம்ளர் தண்ணீர் குடிப்பார்.
நான் எண்ணுவேன்.
கேட்கமாட்டேன்.
காலையில் தயிர்க் கிண்ணத்தை
அவரே எடுத்து வைத்துக்கொள்வார்,
இருபத்தாறு பல்லோடும்.